மாசமா இருக்கிறவளுக்கு மீன்

பூனைக்குத்தான் மீன் என்று இன்று மீன்கார அண்ணனிடம் நான் சொல்லவில்லை.

“வீட்டுல ஒருத்தி மாசமா இருக்கா. நல்ல மீனா குடுங்கண்ணே” என்றேன். இத்தனை புத்தகம் படித்தும், அது கர்ப்பமா தொப்பையா என்று எனக்கே தெரியாது.

“எத்தன மாசம்மா?”

“தெரியலண்ணே.”

“புருசன் எங்க?”

“அதுவும் தெரியலண்ணே. மலைப் பக்கம் திரிவான்.”

அண்ணன் முகம் வாடிவிட்டது. இரண்டு மீன் கூடுதலாகப் போட்டார். “பொழுது சாஞ்சா புள்ளய வெளிய விட்றாதம்மா.”

என் பயமும் அதுதான். நாகமலையிலிருந்து காட்டுப்பூனை இறங்குகிற தெரு எங்களுடையது. இந்தத் தெருப்பூனையோ நான் எவ்வளவு கெஞ்சியும் வாசற்படி தாண்டி உள்ளே வந்ததில்லை.

நாளை அவர் நலம் விசாரித்தால் என்ன சொல்வது? யாராவது சொல்லுங்கள்.

மாலையில் மீன் வாசத்துக்கு அவள் உள்ளே வந்தாள். கதவைச் சாத்திவிட்டேன்.