ஜன்னல் வியாபாரமும் என் வீட்டு வேட்பாளரும்

தொண்ணூறுகளின் நடுவில் வந்த உள்ளாட்சித் தேர்தலில், ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். உடனே ஆண்கள் பலர் தத்தம் மனைவியை நிறுத்தக் கிளம்பினார்கள். என் மனைவியை யாரும் நிறுத்தவில்லை, அவளே நின்றாள். இதை நம்ப ஊருக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. ஓட்டுக் கேட்டு அவள் கைகூப்பினால், பின்னால் நின்ற என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, ஒங்களுக்குத்தான் எங்க ஓட்டு" என்பார்கள். நானும் வெட்கமில்லாமல் கும்பிட்டு வைப்பேன்.

கடைத்தெரு முனையில் எனக்குப் பால்கோவாக் கடை. மதுரை பஸ்கள் அங்கேதான் நின்று ஆள் ஏற்றும். அதற்குள் பொட்டலங்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு ஓடி, ஜன்னல் வழியாகக் கொடுத்துக் காசு வாங்கிவிட வேண்டும். ஜன்னல் வியாபாரம் என்போம். எங்கள் வீட்டில் உலை கொதித்ததே அதில்தான்.

மற்ற வேட்பாளர்கள், அதாவது அவர்களுடைய கணவன்மார்கள், ஊரை ராஜபாளையம் போல ஆக்கிக் காட்டுவதாக மைக்கில் முழங்கினார்கள். அங்கே மில் இருக்கிறது, சங்கு ஊதுகிறது, சம்பளம் வருகிறது, நமக்கு என்ன இருக்கிறது என்கிற ஏக்கம் எங்களுக்கு எப்போதும் உண்டு. பேச்சை ராஜபாளையம் என்று முடித்தால் கைதட்டல் நிச்சயம்.

என் மனைவி எங்கள் கடைக்கு எதிரிலேயே மேடை போட்டுப் பேசினாள்.

"ராஜபாளையம் ராஜபாளையமாவே இருக்கட்டும். நம்ம ஊருக்குக் கோயிலுக்கு வாராவ, கோர்ட்டுக்கு வாராவ. அம்புட்டுப் பேரும் பஸ்ஸை விட்டு எறங்கி ரெண்டு தெரு நடந்தாத்தான் எல்லாருக்கும் பொழப்பு. பூ வாங்குவாவ, சாப்பிடுவாவ, ஒரு சேலை எடுப்பாவ. ஜன்னல்ல கைய நீட்டி வாங்குதவிய நம்ம ஊரைப் பாக்கவே இல்லையே. பஸ்ஸு நிக்கிற எடத்தைத் தெருவுக்கு வெளிய கொண்டு போகணும். பிள்ளையளும் பயமில்லாம ரோட்டைத் தாண்டும்."

சற்று நிறுத்தி என் கடையைக் கைகாட்டினாள். "மொதல்ல அடி வாங்கப் போறது எங்க கடைதான். தெரிஞ்சுதான் சொல்லுதேன்."

 வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஊர் வளர்ச்சியைப் பற்றி எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். பேசுகிறவர் தன் கல்லாவிலேயே கைவைத்து நான் பார்த்ததில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் கடைக்காரர்கள் திரண்டு என்னிடம் வந்தார்கள். "அவியளுக்கு யாவாரம் தெரியாது, வாய் தவறி வந்துட்டுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க. எங்க ஓட்டு பூராவும் ஒங்களுக்குத்தான்" என்றார் அவர்களில் மூத்தவர்.

சொன்னால் அவளும் சுலபமாக ஜெயிப்பாள், கடையும் தப்பும். "வேட்பாளர் அவதான். கேக்குறதை அவகிட்டயே கேளுங்க" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து ஓடினேன். அவளிடம் கேட்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

கடைத்தெரு அவளைக் கைவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தாய்மார்கள் போட்ட ஓட்டில், மயிரிழையில் ஜெயித்தாள். பிறகு ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, சண்டை போட்டு, பஸ் நிற்கும் இடத்தை மாற்ற வைத்தாள். நடந்து வருகிற கூட்டம் பின்னால் சேரத்தான் செய்தது. ஆனால் அதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பஸ் வராத முதல் சாயங்காலம் கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொட்டலங்கள் அடுக்கியபடியே இருந்தன.

"என் மேல கோவமா?" என்றாள்.

"கோவம் என்ன? நானும்தான ஒனக்கு ஓட்டுப் போட்டேன்."

சட்டென்று திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"போட்டியளா? அந்த ஒரு ஓட்டுத்தான் இத்தன நாளும் எனக்குச் சந்தேகமா இருந்துச்சு."