அவள் கையால் பேசியதை நான் தடுத்தேன்

பதினோரு வருஷமாக நான் மாரியம்மனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். என் மகள் முத்துமாரி ஒரு வார்த்தை பேச வேண்டும். "அம்மா" என்று கூப்பிட்டால் போதும். "போம்மா" என்று திட்டினாலும் போதும். அந்த வரத்தை ஆத்தா எனக்குக் கொடுத்தாள். கொடுத்த விதத்தைத்தான் இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. ஆத்தாவை நம்பியிருக்கும் சொந்தங்கள் முன்னால் எதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இதில் என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் இருக்காது.

என் பெயர் ஈஸ்வரி. மலையாள தேசத்து மலையில், சக்குபள்ளத்தில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கிறேன். என் வீட்டுக்காரர் பாண்டி அதே தோட்டத்தில் செடிகளுக்கு மருந்தடிக்கிறார். முத்துமாரி எங்களுக்கு ஒரே பிள்ளை. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. ஒன்றரை வயதில் அவளுக்குப் பின்னால் நின்று தட்டை ஓங்கித் தட்டிப் பார்த்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. அவள் திரும்பவில்லை. காதில் மாட்டுகிற மிஷின் வாங்கி மாட்டினோம். அதில் அவளுக்கு என்ன கேட்டதோ, தலையைப் பிடித்துக்கொண்டு அழுவாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். கடைசி பெஞ்சு. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழக்குங்கள் என்றார்கள். பள்ளியில் டீச்சரின் உதடு மலையாளம் பேசும். வீட்டில் எங்கள் உதடு தமிழ் பேசும். அந்தப் பிள்ளை எதைப் பார்த்து எதைப் படிக்கும்? ஐந்து வருஷமாகப் போர்டில் இருப்பதைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். கையெழுத்து மணிமணியாக இருக்கும். நானும் பெருமையாக எல்லாரிடமும் காட்டுவேன். எழுதியதில் ஒரு சொல்லுக்குக்கூட அவளுக்கு அர்த்தம் தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்க மாதம் ஒருமுறை பள்ளிக்கு ஒரு தனி ஆசிரியை வருவார். தூரத்தில் விடுதியோடு ஒரு பள்ளி இருக்கிறது, அங்கே சேருங்கள் என்றார். நான் ஒரேயடியாக மறுத்துவிட்டேன். தனக்கு என்ன வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளையை எந்த தைரியத்தில் விட்டுவிட்டு வருவது? வெள்ளிக்கிழமைதோறும் தோட்டத்துக் கோயிலில் போய் நின்று அழுவேன். பேச்சு வந்தால் வெள்ளியில் நாக்கு செய்து போடுகிறேன் தாயே என்று நேர்ந்துகொண்டேன்.

போன மாசியில் அந்த ஆசிரியைதான் என் போனுக்கு ஒரு லிங்க் அனுப்பினார். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் கவிதா டீச்சர், இந்தப் பிள்ளைகளுக்கு வீடியோவில் சைகை மொழி சொல்லித் தருகிறாராம். அவருடைய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காது கேட்காது. அதனால் அவர் கையாலும் பேசுவார், நம்மைப் போல வாயாலும் பேசுவார். அந்த ஊர்ப் பக்கம் நான் போனதே கிடையாது.

முதல் நாள் திரையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தார்கள். எல்லாரும் கையை ஆட்டிச் சிரித்தார்கள். முத்துமாரி போனைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தன்னைப் போல இன்னொரு பிள்ளை இந்த உலகத்தில் இருக்கிறது என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சாயங்காலம் ஆறு மணி ஆனால் அவளே முகம் கழுவி, தலை சீவி, போனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஓரத்தில் இருக்கும் பாறை மேல் போய் உட்கார்ந்துவிடுவாள். அங்கேதான் எங்களுக்கு டவர் கிடைக்கும். ஆறே மாதத்தில் அவள் கை பறந்தது. அவளுடைய அப்பாவும் அவளிடம் நாலு சைகை கற்றுக்கொண்டு, இரண்டு பேரும் எதையாவது காட்டிக் காட்டிச் சிரிப்பார்கள்.

நான் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. எனக்குப் பிடிக்கவும் இல்லை. என் பிள்ளை பேச வேண்டும் என்று நான் சாமியிடம் மன்றாடிக்கொண்டிருக்க, இவள் ஊமையாக இருப்பதற்கே பாடம் படிக்கிறாளே என்று எரிச்சலாக வரும். போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு ராசாத்தி அக்கா ஒரு நாள் பற்றவைத்துவிட்டார்.

"ஏண்டி ஈஸ்வரி, கையில பேசிப் பழகிட்டா அப்புறம் நாக்கு எப்படிடி எந்திரிக்கும்? நீ ஒரு பக்கம் நேந்துக்கிற. அவ ஒரு பக்கம் கைய ஆட்டிக்கிட்டு இருக்கா. ஆத்தா என்ன நெனைப்பா?"

அந்தப் பேச்சு என் மனதில் ஊறிப்போய்விட்டது. ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். "புள்ள சிரிக்குதுடி, அது ஒனக்குப் பொறுக்கலையா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் காதில் வாங்கவில்லை. மூன்று நாள் அவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள், கையை ஆட்டினாள், தரையில் உருண்டாள். கவிதா டீச்சரே போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க அக்கா, பாப்பா வகுப்புக்கே வரக்காணமுங்க. ஒடம்பு ஏதும் சரியில்லீங்களா?"

"நெட்டு கெடைக்கல டீச்சர்" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, மழைக்காகப் பள்ளிகளுக்குக் கலெக்டர் லீவு விட்டிருந்தார். விடிந்ததும் மழை வெறித்துவிட்டது. நாங்கள் காய் எடுக்கப் போனோம். என் வீட்டுக்காரர் மேல்தோட்டத்தில் மருந்தடிக்கப் போயிருந்தார். முத்துமாரி கையில் டீ பிளாஸ்க்கைக் கொடுத்து அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன். போனை மட்டும் அவளுக்குக் கிடைக்காதபடி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி ஓடி வந்தாள். பிளாஸ்க் இல்லை. கால் முழுக்கச் சேறு. வந்த வேகத்தில் என் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு கையாலும் காற்றில் ஒரு சதுரம் போட்டாள். உள்ளங்கையைச் சரித்துச் சரித்துக் காட்டினாள். எதையோ இறுக்கிப் பிடிப்பது போலக் காட்டினாள். மறுபடி சதுரம். மறுபடி சரிவு. சதுரம் என்றால் போன் என்று நான் நினைத்தேன். மூன்று நாளாக நடந்த அதே கூத்து, இப்போது வேலைக்காட்டிலும் வந்து நிற்கிறாளே என்று கோபம் தலைக்கேறியது. கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். நான் அவள் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டேன்.

அவள் அழவில்லை. வழக்கமாக அடித்தால் ஊரைக் கூட்டுகிறவள், அன்றைக்கு என் முகத்தையே வெறித்துப் பார்த்தாள். "தாயே மாரி, இவ என்ன சொல்றான்னு எனக்குப் புரிய வையி" என்று என்னை அறியாமல் வாய்விட்டுச் சொன்னேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை. பூ இல்லை, விளக்கு இல்லை, குளிக்கக்கூட இல்லை.

சொல்லி வாய் மூடவில்லை, முத்துமாரி என் இடுப்பிலிருந்த போனைப் பறித்துக்கொண்டு பாறையைப் பார்த்து ஓடினாள். நான் கத்திக்கொண்டே துரத்தினேன். நான் மேலே ஏறிச் சேர்வதற்குள் அவள் வீடியோவில் கூப்பிட்டுவிட்டாள். போனைப் பாறையில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையும் தெரியாத வேகத்தில் ஆட்டினாள். நான் போனை எடுக்கக் குனிந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து டீச்சரின் குரல் அலறியது.

"அக்கா, பாப்பா சொல்றத அப்படியே சொல்றனுங்க. அப்பா குளத்துக்குள்ள உளுந்துட்டாராமுங்க. பிளாஸ்டிக் வழுக்குதாம், ஏற முடியலையாமுங்க. ஓஸைப் புடிச்சுத் தொங்கிட்டிருக்காராம். கயிறு எடுத்துட்டு வரச் சொல்றாளுங்க. எதுவும் கேக்காதீங்க அக்கா, ஓடுங்க!"

எங்கள் பக்கத்துப் படுதாக்குளத்தைப் பார்த்தவர்களுக்கு இது போதும். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மலைச்சரிவில் சதுரமாகப் பெரிய குழி வெட்டி, உள்ளே கனத்த பிளாஸ்டிக் படுதாவை விரித்து மழைத் தண்ணீரைத் தேக்கி வைப்பார்கள். மருந்து கலக்க மோட்டார் போட்டு, ஓஸ் குழாய் விட்டு அதிலிருந்துதான் தண்ணீர் எடுப்பார்கள். பாசி பிடித்த படுதாவில் கால் நிற்காது. விழுந்தவர் பிடித்து ஏற ஒரு புல் கூட இருக்காது. நீச்சல் தெரிந்தவர்களே ஏற முடியாமல் களைத்துப் போவார்கள். என் வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது.

எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. சூப்பர்வைசர் மூட்டை கட்டுகிற கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார். பெண்கள் எல்லாரும் பின்னாலேயே ஓடி வந்தார்கள். போய்ப் பார்த்தால் மோட்டார் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. கூட வேலை பார்க்கிறவர் பெட்ரோல் வாங்கக் கீழே போயிருந்தார். தண்ணீருக்கு மேலே என் வீட்டுக்காரருடைய தலையும் ஒரு கையும் மட்டும் தெரிந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஓஸின் கட்டு பாதி உருவியிருந்தது. கயிற்றை வீசினோம். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்துக் கரையில் போட்டோம். அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற ஜீப்பில் அவர் சொன்னார்.

"தொண்டை கிழியக் கத்துனேன்டி. மோட்டார் சத்தத்துல எனக்கே கேக்கல. அப்பதான் புள்ள டீயோட வந்து நின்னா. இவகிட்டக் கத்தி என்ன பிரயோசனம்? ஒரு கைய ஓஸ்லருந்து விட்டுட்டு, 'அம்மா'ன்னு காமிச்சேன். 'கூப்பிடு'ன்னு காமிச்சேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அவ சொல்லிக் குடுத்ததுதான்."

"கயிறு வேணும்னும் காமிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"கயிறா? அது எப்படிக் காமிக்கிறதுன்னு எனக்குத் தெரியாதே."

அப்படியென்றால் கயிறு கொண்டுவர வேண்டும் என்று யோசித்தது முத்துமாரி. தாய் அடித்தும் அழாமல், தன் கையைப் புரிந்துகொள்கிற ஒருவர் நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறார், அவரைக் கூப்பிட்டால் அவர் நமக்கு வாயாகப் பேசுவார் என்று கணக்குப் போட்டதும் அவள்தான். ஐந்து வருஷம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் பிள்ளை. மந்தம் என்று நானே நினைத்த என் பிள்ளை. நான் பெற்ற பிள்ளைக்கு இவ்வளவு அறிவு இருக்கிறது என்று அந்த ஜீப்பில்தான் எனக்குத் தெரிந்தது. இதைவிட ஒரு தாய்க்கு வேறு என்ன அதிர்ச்சி வேண்டும்?

அவர் பிழைத்து வீட்டுக்கு வந்த அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். என் நேர்த்திக்கடனை நினைத்து எனக்குக் குழப்பம். அவள் வாய் திறக்கவில்லையே, நாக்கு செய்து போடுவதா வேண்டாமா? அவரிடம் கேட்டேன்.

"என்னடி கேள்வி இது? அவ பேசலைன்னா நான் இங்க நிக்கிறேனா? போடு" என்றார். ஆத்தா காலடியில் வெள்ளி நாக்கை வைத்துவிட்டு அன்றைக்கு அழுத அழுகையை நான் பதினோரு வருஷத்தில் அழுததில்லை.

அன்று மாலையே கவிதா டீச்சரைக் கூப்பிட்டு, நெட்டு கிடைக்கவில்லை என்று சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். "உடுங்க அக்கா, ஞாயித்துக்கெழமை அம்மாமாருக்குத் தனியா வகுப்பு இருக்குதுங்க, வாங்க" என்றார். இப்போது நானும் பாறையில் ஏறி உட்கார்ந்து படிக்கிறேன். திரையில் பார்த்தால் மறையூரிலிருந்து ஒரு அம்மா, சித்தூரிலிருந்து ஒரு அம்மா, எல்லாரும் என்னைப் போலவே விரலைத் தப்புத் தப்பாக மடக்குகிறோம். முத்துமாரிக்குத் தனக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே இந்த வகுப்புக்கு வந்துதான் தெரிந்ததாம். டீச்சர் அதைச் சொன்னபோது நான் வகுப்பை விட்டு எழுந்து போய் அழுதுவிட்டு வந்தேன். இப்போது அவள் நோட்டில் எழுதும் சொல்லுக்கு அர்த்தம் கேட்கிறாள். நேற்று, நாளை, ஏன், எதற்கு என்று கேட்டு உயிரை வாங்குகிறாள். வாங்கட்டும்.

சொந்தங்களே, கேட்டது கிடைக்கவில்லை என்று சாமியோடு கோபித்துக்கொண்டு இருக்கிறீர்களா? நானும் அப்படித்தான் இருந்தேன். ஆத்தா ஏற்கெனவே கொடுத்திருந்தாள், நான்தான் அதைப் பிடுங்கி இடுப்பில் செருகி வைத்திருந்தேன். அவளை நம்புங்கள். விடாமல் கேளுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ காது கேட்காத பிள்ளை இருந்தால், ராசாத்தி அக்கா மாதிரி யாராவது சொல்வதைக் கேட்டு அதன் கையைக் கட்டாதீர்கள். ராசாத்தி அக்காவே இப்போது முத்துமாரியைப் பார்த்தால் "சாப்பிட்டியா" என்று சைகையில் கேட்கிறார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை மறைத்தால் ஆத்தா என்னை மன்னிக்க மாட்டாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு முடிந்து பாறையிலேயே உட்கார்ந்திருந்தோம். முத்துமாரி என்னிடம் ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. பொறுமையாக இரண்டாம் தடவை கேட்டாள். மூன்றாம் தடவைதான் சைகைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் புரிந்துகொண்டேன். "அன்றைக்கு ஏன் என்னை அடித்தாய்?"

என் மகள் என்னிடம் முழுதாகக் கேட்டு, எனக்கு முழுதாகப் புரிந்த முதல் கேள்வி அதுதான். நீ சொன்னது எனக்குப் புரியவில்லை என்று காட்டினேன். மன்னித்துவிடு என்பதற்கு டீச்சர் சொல்லிக் கொடுத்ததை செய்தேன். அவள் தலையை ஆட்டி இல்லை என்றாள். மன்னிக்க மாட்டேன் என்கிறாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள், தப்பாக மடக்கியிருந்த விரலை நிமிர்த்தினாள், இப்போது செய் என்று காட்டினாள். செய்தேன். சரி என்றாள்.