பெட்டி சொல்லாத மழை

போன வாரம் நாகலாபுரம் பக்கம் ஒரு மிளகாய்க் களத்தில் தலைகுனிந்து நின்றேன். எதிரே சண்முகத்தாய் அக்கா. காலடியில் நனைந்து, கறுத்து, பூஞ்சை பிடித்த வத்தல். அவருடைய ஒரு வருஷத்து விளைச்சல்.

கெடுத்தது மழை என்கிறது ஊர். இல்லை... கெடுத்தது நான்.

கோவில்பட்டியில் உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதுகிறவன் நான். அக்காவுக்கு இரண்டு பெட்டிகள் செய்து கொடுத்திருந்தேன். மேற்கே கண்மாய்க் கரையில் ஒன்று, களத்தில் ஒன்று. கரையில் தூறல் விழுந்தால் அது ரேடியோவில் சேதி அனுப்பும்; களத்துப் பெட்டி சைரன் அடிக்கும். வத்தலைத் தார்ப்பாய் போட்டு மூட நேரம் கிடைக்கும். இரண்டு வருஷம் பிசகாமல் அடித்தது.

பெட்டிக்குள் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம். அதன் மையம் கெர்னல். சேதியில் முகவரி எங்கே, நீளம் எங்கே என்று வரிசை சொல்லும் ஃபைல்களுக்கு ஹெடர் என்று பெயர். கெர்னலை எழுதுகிறவர்கள் சில ஹெடர்களை நம் ப்ரோக்ராம்களுக்காக வெளியே வைப்பார்கள். வெளியே வைத்ததை அப்புறம் மாற்ற மாட்டார்கள் – அது வாக்கு. மற்றவை அவர்கள் வீட்டு விஷயம், நினைத்தபோது மாற்றுவார்கள்.

எனக்கு வேண்டிய ரேடியோ ஹெடர் வெளியே இல்லை. முறைப்படி என்ன செய்ய வேண்டும்? 'இதையும் வெளியே வையுங்கள்' என்று கெர்னல்காரர்களுக்கு மெயில் எழுத வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்பார்கள். மாதக்கணக்கில் இழுக்கும். யாருக்குப் பொறுமை? அப்படியே காப்பி அடித்து என் ப்ரோக்ராமில் ஒட்டிக்கொண்டேன். எங்கள் தொழிலில் பலரும் செய்வதுதான்.

போன மாதம் பெட்டிகளை அப்டேட் செய்தேன். கெர்னலுக்குள் அந்த ஹெடரில் ஒரு புது வரி நுழைந்திருந்தது. என் காப்பியில் அது இல்லை; முகவரி இருக்க வேண்டிய இடம் தள்ளிப்போய்விட்டது. சேதி ஏதோ இல்லாத முகவரிக்குப் போனது. எரர்கூட வரவில்லை, பச்சை விளக்கு சமர்த்தாக எரிந்தது. கரைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். போகவில்லை.

மழை வந்த அன்று பக்கத்துக் களத்துக்காரர்கள் எல்லாரும் மூடிவிட்டார்கள், அக்கா மட்டும் மூடவில்லை.

"நீங்க வானத்தைப் பாக்கலியாக்கா?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"பாத்தேன் தம்பி. மேக்க நல்லா கறுத்துதான் கிடந்துச்சு. அங்கன இருந்தவியளும் மூடுன்னு சத்தங்குடுத்தாவ. பொட்டி ஒண்ணுஞ் சொல்லலியேன்னு நாந்தான் பேசாம இருந்துட்டேன்."

"தப்பு எம்மேலதான்க்கா. பொட்டியை நாந்தான் கெடுத்தேன்."

திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க வேணும்னா செஞ்சிய? அடுத்த விதைப்புக்கு இதத்தான் நம்பியிருந்தேன்... சரி, போங்க தம்பி, வெயிலு ஏறுது."

அந்த நல்ல வார்த்தைதான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கெர்னல்காரர்களுக்கு மெயில் எழுதினேன். இரண்டு வருஷத்துக்கு முன்பே எழுத வேண்டியது. நேற்று மரியாதையாகப் பதில் வந்தது. 'இந்த ஹெடரை வெளியே வைக்கச் சொல்கிறீர்கள்; அங்கே அதை நம்பியிருப்பவர்கள் யாராவது இருக்கிறார்களா?' என்று கேட்டிருந்தார்கள்.

இருந்தார் ஒருவர். திங்கட்கிழமையிலிருந்து அவர் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கும் கூலி வேலைக்குப் போகிறார்.