தப்பா கனெக்‌ஷன் குடுத்தா?

"சார், லுங்கிய மாத்திகினு ஒரு பேண்ட் ஷர்ட் போட்டுகினு வர முடியுமா?"

இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை காலை. கேட்டவர் எதிர் வீட்டு அந்தோணி. துறைமுகத்தில் கிரேன்களுக்கு எலெக்ட்ரீஷியன். ராயபுரத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டு ஃபேன் நின்றாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவோம். அவருக்குப் பின்னால், கையில் ஒரு நோட்டோடு மகள் ரெஜினா. ப்ளஸ் டூவில் நல்ல மார்க். கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்று முடிவு செய்ய இரண்டே நாள் பாக்கி.

"நீங்க பத்திரிகைல எழுதுறவரு. கூட வந்தா மருவாதியா பேசுவாங்கோ."

இப்படிச் சொன்னால் எந்த எழுத்தாளன் மறுப்பான்? அயர்ன் பண்ணிய சட்டையைத் தேடினேன்.

பஸ்ஸில்தான் விஷயம் புரிந்தது. அப்பாவும் மகளும் ஒரு வாரமாகச் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. ரெஜினாவுக்கு எலெக்ட்ரிக்கல் வேண்டும். அந்தோணிக்கு கம்ப்யூட்டர்.

"இருபத்தஞ்சு வருஷமா கிரேன் மேல ஏறி எறங்கிகினு கீறேன் சார். வெயிலு, மழை, கிரீஸு... இதுவும் அதே ஒயரப் புடிச்சிகினு நிக்கணுமா? கம்ப்யூட்டர் எட்த்தா ஏசில உக்காரலாம்ல?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ரெஜினா திரும்பாமலே சொன்னாள்: "கிரேன் நின்னா கப்பலே நிக்கும்னு நீதானப்பா சொல்லுவ? ஃபோன் வந்தா எவ்ளோ கெத்தா கெளம்புவ... அத்த பாத்துகினுதான வளந்தேன்."

அந்தோணி பஸ் டிக்கெட்டை நாலாக மடித்தார்.

கடைசியில் ஒரு சமரசம். அப்பா சொன்ன கல்லூரி ஒன்று, மகள் சொன்ன கல்லூரி ஒன்று. இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு.

முதலில் அந்தோணி சொன்ன கல்லூரி, பைபாஸ் தாண்டி. கண்ணாடிக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் ஏசி, சோபா, காபி. டை கட்டிய ஒருவர் வழவழப்பான புத்தகத்தை எங்கள் மடியில் விரித்து, வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகளை வரிசையாகச் சொன்னார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் — நான் விழுந்துவிட்டேன். எனக்கே அங்கே சேர்ந்துவிடலாம் போல இருந்தது!

ரெஜினா மட்டும் கேட்டாள். "சார், எலெக்ட்ரிக்கல் லேப் பாக்கலாமா?"

அவர் கொஞ்சம் திகைத்தார். பொதுவாக யாரும் அதைக் கேட்பதில்லை போலிருக்கிறது. சாவி கிடைக்க அரை மணி நேரம் ஆனது. உள்ளே வரிசையாக மோட்டார்கள். பெயின்ட் கூட உரியாமல் பளபளவென்று இருந்தன.

"தப்பா கனெக்‌ஷன் குடுத்தா என்ன சார் ஆகும்?"

"அந்தப் பேச்சுக்கே இடமில்லம்மா. கனெக்‌ஷன் எல்லாம் அட்டெண்டரே குடுத்துடுவார். நீங்க ரீடிங் மட்டும் எழுதினா போதும்." அதை ஒரு பெருமையாகவே சொன்னார்.

ரெஜினா நோட்டில் எதையோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன். ‘ரீடிங் மட்டும்.’ அடியில் இரண்டு கோடு.

இரண்டாவது கல்லூரி மாத்தூர் பக்கம். பழைய கட்டடம். சோபா கிடையாது, காபியும் கிடையாது. ஆனால் லேப் திறந்திருந்தது. வாசலில் நின்றோம். உள்ளே நாலு மாணவர்கள் ஒரு மோட்டாரைச் சுற்றி நின்றிருந்தார்கள். பக்கத்தில் காட்டன் புடவை, காலில் ஷூ — அவர்களுடைய பேராசிரியை. ஒருவன் சுவிட்சைப் போட்டான். மோட்டார் ‘ம்ம்ம்...’ என்று உறுமியது. சுற்றவில்லை. அந்த அம்மா சட்டென்று மெயினை ஆஃப் செய்தார்.

"ஏன் சுத்தல?" என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

மாணவர்கள் முழித்தார்கள். என் பக்கத்தில் அந்தோணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சத்தத்தைக் கேட்டதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. என் காதில், "மூணு ஃபேஸ்ல ஒண்ணு வரல சார்" என்றவர், அடுத்து வாய்விட்டே ஆரம்பித்தார். "தம்பி, அந்த..."

அந்த அம்மா திரும்பினார். உதட்டில் விரலை வைத்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு புரியுது சார். தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க. அவங்களே கண்டுபிடிக்கட்டும்."

பத்து நிமிடம். அந்தோணி சட்டைக் கையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். உள்ளே ஒவ்வொரு ஒயராகச் சோதித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் அவர்களில் ஒரு பெண், "மேம், இந்த ஃப்யூஸ் போயிருக்கு!" என்று கத்தினாள். மாற்றினார்கள். மோட்டார் சுற்றியது. என்னை அறியாமல் நான் கை தட்டிவிட்டேன்; நாலு பேரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

ரெஜினா அதே கேள்வியைக் கேட்டாள். "தப்பா கனெக்‌ஷன் குடுத்தா என்ன மேம் ஆகும்?"

"நான் பாத்து ஓகே சொல்லாம சப்ளை வராது. என்னையும் தாண்டிப் போச்சுன்னா... ஃப்யூஸ் போகும். ஏன் போச்சுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுத்துட்டுப் புது ஃப்யூஸ் வாங்கிக்கணும்."

ரெஜினா இதை நோட்டில் எழுதவில்லை. சிரித்தாள். அன்று காலையிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

எத்தனையோ பேருக்குக் கல்லூரி தேடக் கூடப் போயிருக்கிறேன். எத்தனை ஏக்கர், எத்தனை கம்பெனி, பஸ் எங்கே நிற்கும் — எல்லாம் கேட்டிருக்கிறோம். ‘இங்கே என் பிள்ளை தப்பு பண்ணிக் கத்துக்கலாமா’ என்று ஒருவராவது கேட்டோமா? பதினேழு வயதுப் பெண்ணுக்கு அதைக் கேட்கத் தோன்றியிருக்கிறது. நானாக இருந்தால் கேன்டீனைப் பார்த்து முடிவு செய்திருப்பேன்.

திரும்பி வரும் பஸ் தண்டையார்பேட்டையைத் தாண்டியது. அந்தோணி மெதுவாக, மகளைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்த அம்மாவுக்கு வேல தெரியும்."

கொஞ்சம் கழித்து, "மொதல்ல அத்தயே போடு. எலெக்ட்ரிக்கலே போடு" என்றார்.

ரெஜினா அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பினேன். கண்ணில் தூசி... மணலி லாரிகளின் புண்ணியம்.

அவள் கேட்ட கல்லூரியே கிடைத்தது. சேர்ந்தும்விட்டாள். போன வாரம், முதல் ஒர்க் ஷாப் வகுப்பு முடிந்து வந்தவளைத் தெருவில் பிடித்தேன். "என்னம்மா, முதல் நாள் என்ன சொல்லிக் கொடுத்தாங்க?"

"ஆன் பண்ணவே வுடல அங்கிள். அவசரத்துக்கு எங்க ஆஃப் பண்ணணும்னு கண்ண மூடிகினு காட்டச் சொன்னாங்கோ. அது மட்டும்தான்."

வீட்டுக்குள் வந்து தேடினேன். இருபது வருடமாகக் குடியிருக்கும் வீட்டில் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது — பீரோவுக்குப் பின்னால்!