கறுப்புக் கோழி

காலை ஆறு நாற்பதுக்கு, நாய்க்கடியிலிருந்து பிழைத்த கோழியை மற்ற கோழிகளோடு விட்டேன். மூன்று வாரம் அதை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றியவள் என் மகள். ஐந்தே நிமிடத்தில் அவை அதன் மண்டையைக் கொத்திக் கிழித்தன. தடுக்கப் போனவளின் புருவத்திலும் ரத்தம். கண் மயிரிழையில் தப்பியது.

அலறல் கேட்டு, தெருமுனைக் கறிக்கடைக்காரர் ஓடிவந்தார். கோழியைத் தொடுமுன் எப்போதும் கைகழுவுகிறவர், அன்றும் கழுவினார்.

"அறுத்துடாதீங்க பாய்!" மகள் கதறினாள்.

அவரோ எங்கள் வீட்டுச் சாம்பிராணிக் கரியை நுணுக்கிக் கோழியின் காயத்தில் மெதுவாக அப்பினார். தினமும் அறுக்கிற கைதான் அது.

"செவப்பு தெரிஞ்சா மத்ததுங்க கொத்தாம விடாதுங்க பாப்பா."

பிறகு, முதலில் கொத்தியது எது என்று கேட்டு, அந்தக் கறுப்புக் கோழியைப் பிடித்து என் கையில் திணித்தார்.

"அடிபட்டத இங்கியே விடுங்க சார். அடிச்சத நாலு நாள் உள்ள போடுங்க. திரும்பி வர்றப்ப மத்ததுங்களுக்கு இதான் புதுசு. அப்புறம் வாலாட்டாது."