வியர்க்காமல் இருக்க ஒரு வழி

வெயில் ஏறத் தொடங்கியதிலிருந்து பூபாலன் பணிநேரத்தில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டான். ஆவடியை ஒட்டிய சேக்காட்டில், வீட்டில் காலையில் அரை டம்ளர் காப்பி. அதன்பின் பணி முடியும்வரை தொண்டையை நனைப்பதில்லை. மனைவி ரேணுகா நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டிலை மருத்துவமனைக் குழாயடியில் கவிழ்த்துவிட்டு, காலியாக வீட்டுக்குக் கொண்டுபோவான்.

காரணம், சீருடை. அம்பத்தூர்ப் பக்கத்தில் அவன் செவிலியராக வேலை பார்த்த சிறிய மருத்துவமனையில், கனத்த பருத்திச் சீருடையை எடுத்துவிட்டு, துவைத்தவுடன் உலரும் மெல்லிய வெள்ளைத் துணியில் புதியதைத் தைத்துக் கொடுத்திருந்தார்கள். உலர்ந்திருக்கும்வரை அது பாந்தமாகவே இருந்தது. வியர்வை பட்டதும் உடம்போடு ஒட்டிக்கொண்டு, உள்ளே அணிந்தவற்றின் விளிம்புகளையெல்லாம் ஊருக்குக் காட்டியது. அவன் இருந்த டயாலிசிஸ் பிரிவிலோ குனியாமல் ஒரு வேலையும் நடக்காது.

வெயில் ஏறத் தொடங்கிய நாட்களில்தான் புகார் வந்தது. அங்கே சிகிச்சைக்கு வரும் வேம்புலியம்மாளின் மருமகள் மைதிலி, கண்ணாடிக் கதவுக்கு வெளியே காத்திருப்பவள், தலைமைச் செவிலியர் லோகநாயகியிடம் போய், "பொம்பளைங்க படுத்திருக்கிற இடம் மேடம். அந்த ஆள் குனிஞ்சா நான் தலையைத் திருப்பிக்க வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

லோகநாயகி அவனை அழைத்தார். "உன் வேலையில நான் குறை சொல்ல மாட்டேன், பூபாலா. ஆனா இன்னொரு தடவை இந்தப் பேச்சு வந்தா, உன்னை இங்க வெச்சிக்க முடியாது."

ஆண் என்பதற்காகவே இரண்டு மருத்துவமனைகள் அவனை வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தன. ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பாவின் நண்பர்கள், குவார்ட்டர்ஸ் தெருவில் கண்ட இடத்திலெல்லாம், "இன்னா நர்சம்மா, ஊசி ரெடியா?" என்று கேட்டுச் சிரித்த காலத்தையும் அவன் கடந்து வந்தவன். இந்தப் பிரிவில்தான் அவனுக்கென்று ஒரு மதிப்பு உண்டாயிற்று. பூபாலன் ஊசி போட்டால் வலிக்காது என்று நோயாளிகள் அவனுக்காகக் காத்திருந்தார்கள். அதை வியர்வைக்குப் பறிகொடுக்க அவனுக்கு மனமில்லை. பனியனுக்கு மேல் பனியன் போட்டான். பேன்ட்டுக்குள் முழங்கால்வரை டிராயர் போட்டான். போடப்போட வியர்வை கூடியது. ஆகவே தண்ணீரைக் குறைத்தான், பிறகு அடியோடு விட்டான். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால், அவனே கடிந்து பேசியிருப்பான்.

மே மாதத்தில் ஒரு நண்பகல் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் டயாலிசிஸ் இயந்திரங்களை மட்டும் தாங்கியது, ஏ.சி. நின்றுவிட்டது. சீருடைக்கு மேல் கட்டிய பிளாஸ்டிக் ஏப்ரனுக்குள் பூபாலன் வெந்துகொண்டிருந்தான்.

வேம்புலியம்மாளுக்குச் சிகிச்சை முடிந்திருந்தது. இடக்கையில் செருகிய இரண்டு ஊசிகளையும் எடுக்க வேண்டும். பக்கவாதம் வந்துபோன வலக்கையில் அவருக்குப் பிடிமானம் கிடையாது; ஊசி எடுத்த இடத்தை அவரே அழுத்திக்கொள்ள முடியாது.

"இன்னா நைனா, உதடு வெடிச்சிக்கினு கீது?" என்றார் அவர். "எனக்குத்தான் டாக்டரு தண்ணிய அளந்து குடுக்கிறாரு. உனக்கு இன்னா கேடு?"

"ஒண்ணுமில்லம்மா. கையை ஆட்டாதீங்க."

"காலையிலேந்து பாத்துக்கினு கீறேன். ஒரு வாய் குடிச்சியா நீ? நான் நாக்க தொங்கப் போட்டுக்கினு கெடக்கிறேன், நீ இன்னாடான்னா கீற தண்ணிய வேணாங்கிற!"

அவன் முதல் ஊசியை உருவி, பஞ்சுத்துணியை வைத்து அழுத்தினான். இரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்திருந்ததால், விரலை எடுத்தால் பீறிடும். அந்த நேரம் பார்த்து அவனுக்குக் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. அடுத்து விரல்கள் விறைத்தன. கண்ணின் ஓரங்கள் இருண்டுகொண்டு வந்தன.

"நிஷா! இங்க வர்றியா?"

கடைசிக் கட்டிலருகே இருந்த செவிலி நிஷா திரும்பாமலே கத்தினாள்: "அண்ணா, இவருக்கு பி.பி. எறங்குது. நகர முடியாது!"

பஞ்சுத்துணியின் விளிம்பு சிவந்தது. தான் விழுந்தால் இந்த அம்மாளின் இரத்தமும் தரையில்தான். கூப்பிடு தூரத்தில் இருந்தவள் மைதிலி ஒருத்தியே. அவனுடைய முதுகோ தொப்பலாக நனைந்திருந்தது. அவளைக் கூப்பிடுவது, இரண்டாவது புகாரைத் தன் வாயாலேயே வரவழைப்பதாகும்.

"மைதிலி மேடம்! உள்ள வாங்க, சீக்கிரம்! அந்தக் கையுறையைப் போட்டுக்கங்க!"

அவள் ஓடி வந்தாள். "நானா?"

"என் விரல் இருக்கிற இடத்திலேயே அழுத்துங்க. நான் எடுத்தப்புறம் விடவே கூடாது."

அவள் விரல் அழுந்தியதும் அவன் கட்டில் கம்பியைப் பிடித்தபடி தரையில் சரிந்தான்.

"ஐயோ, அவனுக்கு என் பாட்டில எடுத்துக் குடுடி!" என்று வேம்புலியம்மாள் அலறினார்.

"உங்க கையை விட்டுட்டா, அத்தை?"

தலைமாட்டில் இருந்த சின்ன பாட்டிலை அவனே எட்டி எடுத்தான். அது அந்த அம்மாளுக்கு அன்றைக்கு அளந்து கொடுத்த தண்ணீர். ஒரு கணம் தயங்கினான், பிறகு குடித்தான்.

நிஷாவின் கூச்சலைக் கேட்டு லோகநாயகி வந்தபோது, அவன் கால்களை நீட்டித் தரையில் கிடந்தான். ஏப்ரன் விலகியிருந்தது. ஈரத் துணிக்குள் மறைக்க எதுவும் மிச்சமில்லை.

"இன்னும் அழுத்தணுமா?" என்றாள் மைதிலி, தலையைத் திருப்பாமல்.

"இன்னும் கொஞ்ச நேரம்," என்றான் தரையிலிருந்தே. பிறகு லோகநாயகியை நிமிர்ந்து பார்த்தான். "தண்ணி குடிக்கல மேடம். பல நாளா. வேர்க்கக் கூடாதுன்னு."

லோகநாயகியின் முகம் சிவந்தது. "துணி தெரிஞ்சா ஒரு பேச்சோட போகும். ஊசியும் கையுமா நீ விழுந்திருந்தா? இந்த வாரம் முழுக்க நீ ஊசியைத் தொடக் கூடாது."

"சரி, மேடம்."

"மேடம், நான் சொன்னது அந்தத் துணியைப் பத்தித்தான்," என்றாள் மைதிலி. "அவரை அனுப்பச் சொல்லலை. இவரு போயிட்டா அத்தைக்கு யாரு ஊசி போடுறது?"

கடைசிக் கட்டில்காரருக்கு பி.பி. ஏறியதும் வந்து நின்ற நிஷாவின் பக்கம் லோகநாயகி திரும்பினார். "நிஷா, ஆபரேஷன் தியேட்டர்லேந்து நீல காட்டன் செட் ஒண்ணு கேட்டு வாங்கு. வெள்ளையைப் பத்தி மேலிடத்துல நான் பேசிக்கிறேன்."

பூபாலன் ஒற்றைப் பனியனும் நீலப் பருத்தியுமாகத் திரும்பி வந்தான். இரண்டாவது ஊசியை நிஷா உருவினாள். வேம்புலியம்மாள் பல்லைக் கடித்தார்.

"நீ எடுத்தா வலிக்காதேடா, பாவி!"

"இன்னிக்கு மட்டும் பொறுத்துக்கங்கம்மா." அவன் கையில் லோகநாயகி திணித்துவிட்டுப் போன பெரிய பாட்டில் இருந்தது. அளந்து குடிக்கும் வேம்புலியம்மாள் எதிரில் குடிக்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது; சுவர்ப்பக்கமாகத் திரும்பினான்.

"இந்தாண்ட திரும்பிக் குடி, நைனா," என்றார் அவர். "நான் பாத்துக்கினாவது கெடக்கிறேன்."