ஊதா ஓரமும் என் ஸ்டீல் வாட்ச்சும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. வல்லம் வடகாலில் ஒரு காலி பிளாட். எருக்கஞ்செடிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கையில் கேமரா. எதிரே இலை மேல் ஒரு வண்ணத்துப்பூச்சி.

கறுப்பு இறக்கை, நடுவில் வெள்ளைப் பொட்டு. வெயில் சரியாக விழுந்தால் பொட்டைச் சுற்றி ஊதா மின்னும். அந்த ஊதாவை ஃபிளாஷ் இல்லாமல், வெறும் வெயிலில் பிடித்துக் காட்டுகிறேன் என்று ஒரு மாதத்துக்கு முன் இதே பக்கத்தில் வாய் விட்டிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு நன்றாகவே இருக்கிறது. 'ஊதா என்னாச்சு சார்?' என்று மெயில் மேல் மெயில்.

ஃபிளாஷ் போட்டால்தான் என்ன? பாஸ்போர்ட் போட்டோ மாதிரி வரும் — எல்லாம் தெரியும், அழகு மட்டும் இருக்காது.

மூன்று ஞாயிறு வீண். கேமராவைத் தூக்கினால் போதும், பறந்துவிடும். ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே இலைக்கு வரும். மறுபடி தூக்குவேன். மறுபடி…

அன்றைக்கு பிளாட் செக்யூரிட்டி வேறு வந்து ஒரு குண்டைப் போட்டார். "நாளைக்கு ஜேசிபி வருது சார். செடி கொடி எல்லாத்தையும் வாரிக்கினு போய்டும். இன்னா எடுக்கணுமோ இன்னிக்கே எடுத்துக்க."

அப்போது பின்னால் ஒரு குரல். "சார், கையில கெடக்க வாட்ச கழத்துங்க."

திரும்பினேன். நைட் ஷிஃப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர். யூனிஃபார்ம், தோளில் பை. எனக்குச் சுள்ளென்று வந்தது.

"ஏன், மணி பார்த்தா பூச்சிக்குப் பிடிக்காதா?"

"கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க கேமராவத் தூக்கும்போதெல்லாம் வாட்ச் வெளிச்சம் அது மேல அடிக்கு. அதான் பறந்திருது."

பார்த்தேன். இலை மேல் ஒரு வெளிச்சத் துண்டு துள்ளிக்கொண்டிருந்தது. மூன்று ஞாயிறாகப் பூச்சியின் முகத்தில் டார்ச் அடித்திருக்கிறேன் — ஃபிளாஷே வேண்டாம் என்ற நான்.

பெயர் முருகேசன், ஊர் கோவில்பட்டிப் பக்கம். கார் கம்பெனியில் பெயிண்ட் இன்ஸ்பெக்‌ஷன். கீறல் விழும் என்பதால் வாட்ச், மோதிரம் போட்டுக்கொண்டு வண்டிக்குப் பக்கத்திலேயே போகக்கூடாதாம். யாரைப் பார்த்தாலும் தன் கண் முதலில் மணிக்கட்டுக்குத்தான் போகும் என்றார்.

கழற்றிப் பையில் போட்டேன். பூச்சி வந்தது, உட்கார்ந்தது, அசையவில்லை. ஆனால் ஊதாவைக் காணோம்.

"நேரா நின்னா தெரியாது சார். கதவு பெயிண்டயே நாங்க சாஞ்சுதான் பாப்போம். இடது பக்கமா வாங்க… இன்னும் கொஞ்சம்… தலைய சாய்ங்க."

சாய்த்தேன். ஊதா வந்தது. கிளிக்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஒரு காரியம் சரியாக வராவிட்டால் நம் சந்தேகம் எதன் மேலெல்லாம் போகிறது — லென்ஸ் மேல், வெயில் மேல், பாவம், பூச்சி மேல்கூட. நம் கை மட்டும் அந்தப் பட்டியலில் வருவதே இல்லை.

முருகேசனிடம் கேமராவை நீட்டினேன். படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தார். பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"வலது றெக்கை ஓரத்துல சின்ன கிழிசல் இருக்கு சார்" என்றார். பிறகு கொட்டாவி விட்டபடி, "பரவால்ல… பாஸ் பண்ணிருதேன்."